தேடினால் அகப்படாத ஆய்வேடுகள்: நெல்லைச் சீமைத் தமிழ்த்துறையினருக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டக் கல்லூரிகளின் தமிழ்த்துறைத் தலைவர்கள், ஆய்வு நெறியாளர்கள், நூலகர்கள்.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா அவர்களுக்கு,

வணக்கம். பாளையங்கோட்டையில் ஆய்வேடு அடித்து, அச்செடுத்து, பைண்டிங் போட்டுக் கொடுக்கும் கடை நடத்திவருகிறேன். உங்களில் சிலருடைய முனைவர் பட்ட ஆய்வேடே என் கடை வழியாகப் போயிருக்கும். இப்போது உங்கள் மாணவர்கள் வருகிறார்கள். நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. ஆனால் எழுதியவர், நெறியாளர், புறத்தேர்வாளர் ஆகியோருக்கு அடுத்தபடியாக ஓர் ஆய்வேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை பார்த்தவன் பெரும்பாலும் நான்தான். பல ஆய்வேடுகளுக்கு எனக்கு அப்புறம் வாசகரே கிடையாது. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

கால்டுவெல் 1881-இல் வெளியிட்ட திருநெல்வேலி மாவட்ட வரலாற்றை இன்றைக்கு யாரும் கைப்பேசியில் திறந்து, ஊர்ப்பெயரைத் தட்டித் தேடிப் படிக்கலாம். காசு வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம். நம் பக்கத்துக்காரரான வையாபுரிப்பிள்ளை பதிப்பாசிரியராக இருந்து முடித்த தமிழ் லெக்சிகன் பேரகராதியை சிகாகோ பல்கலைக்கழகம் தேடும் வசதியோடு இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. 90 ஆண்டுக்கும், 140 ஆண்டுக்கும் முந்திய வேலை இப்படிக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆனால் 2010-க்குப் பக்கத்தில், நம் கல்லூரியிலேயே, நம் ஊரைப் பற்றியே எழுதப்பட்ட தமிழ் ஆய்வேட்டைத் தேடினால் அகப்படுவதில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். கல்லூரியின் பெயர் வேண்டாம். ஒரு மாணவி பனையேறிகளின் தொழிற்சொற்களைப் பற்றி ஆய்வேடு கொண்டுவந்தார். உடன்குடி, திசையன்விளைப் பக்கம் தேரிக்காட்டு ஊர்களில் அலைந்து சேகரித்திருக்கிறார். தளைநார், அரிவாள்பெட்டி, முருக்குத்தடி என்று சொற்பட்டியலை அடித்துக்கொண்டே போகும்போது, இதே வரிசையை முன்னமே அடித்திருக்கிறோமே என்று எனக்குத் தோன்றியது. பழைய சிடிக்களைக் கிளறியதில் கிடைத்துவிட்டது. பக்கத்துக் கல்லூரியில் வேறொருவர் பல வருடங்களுக்கு முன்பு செய்த ஆய்வு. அதில் தகவல் சொன்ன பெரியவர்களில் பலர் இப்போது உயிரோடு இல்லை. அவர்கள் சொன்ன சொற்கள் சில இந்தப் பெண்ணின் பட்டியலில் இல்லவே இல்லை. முதலிலேயே தெரிந்திருந்தால் அந்தப் பெண் அங்கேயிருந்து தொடங்கியிருப்பார். எந்தச் சொல் இன்னும் புழங்குகிறது, எது போய்விட்டது என்று ஒப்பிட்டிருப்பார். அது எவ்வளவு நல்ல ஆய்வாக இருந்திருக்கும்! வைவாவுக்கு, அதாவது வாய்மொழித் தேர்வுக்கு, நாள் குறித்த பிறகு என்ன செய்ய? ஓர் அடிக்குறிப்புச் சேர்த்து அனுப்பினோம்.

நெறியாளரையோ மாணவியையோ குறை சொல்லவில்லை. தேட வேண்டிய இடங்களில் அவர்கள் தேடித்தான் இருக்கிறார்கள். தட்டச்சுக்காரனின் ஞாபகம்தான் நெல்லைச் சீமையின் ஆய்வு அட்டவணை என்றால், நான் கடையைச் சாத்திவிட்டுப் போன பிறகு என்ன ஆகும் என்பதுதான் என் கவலை.

“அதெல்லாம் சோத்கங்கா இணையக் களஞ்சியத்தில் ஏற்றியாயிற்றே” என்பீர்கள். சரி. முனைவர் பட்ட ஆய்வேடுகளை மின்வடிவில் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2009-லேயே விதி போட்டது. காந்திநகரில் இருக்கும் இன்ஃப்லிப்நெட் மையம் அவற்றை வாங்கி, யாரும் படிக்கும்படி வைத்திருக்கிறது. நல்ல ஏற்பாடு, மறுக்கவில்லை. ஆனால் அங்கே போய் ஒரு தமிழ் ஆய்வேட்டைத் திறந்து பாருங்கள். ஒன்று, அச்செடுத்த தாளை ஸ்கேன் பண்ணிய படமாக இருக்கும். அல்லது பழைய எழுத்துருவில் அடித்த பிடிஎஃப்-ஆக இருக்கும். தலைப்பு பல இடங்களில் ஆங்கில எழுத்தில்தான் பதிவாகியிருக்கும். சுடலைமாடனைத் தேடுகிறவர் எந்த எழுத்துக்கூட்டலில் தேடுவார்? ஒரு டி-யா, டி-எச்-ஆ, நடுவில் ஏ-ஐ-யா, வெறும் ஐ-யா? ஏற்றிய அலுவலருக்கு அன்றைக்கு எது தோன்றியதோ அதை நாம் ஊகிக்க வேண்டும். பூட்டு ஒன்றும் இல்லை. இருந்தாலும் உள்ளே போக வழி தெரியாது.

எழுத்துரு விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நோய் அங்கேதான் இருக்கிறது. நம் பக்கத்தில் ஆய்வேடு என்றால் பாமினி; அரசு அலுவலகம் என்றால் வானவில் அவ்வையார். பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்துவிட்டு எழுத்துருவை மட்டும் ஆங்கிலத்துக்கு மாற்றிப் பாருங்கள். ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி. கணினிக்குள் இருப்பது இந்த ஐந்தும்தான். நம் கண்ணுக்கு மட்டும்தான் அது தமிழ். தேடுபொறிக்கு அது ஆங்கிலக் குப்பை. ஆய்வேடு முழுதும், 300 பக்கமும், அப்படியே.

உலக மொழிகளின் ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண் கொடுக்கும் பொதுக் குறியீட்டு முறை யுனிகோடு. அதில் தமிழுக்கு 1991-இல், அதன் முதல் பதிப்பிலேயே இடம் கிடைத்துவிட்டது. தமிழ்நாடு அரசும் 2010-இல் யுனிகோடை ஏற்று ஆணை போட்டது. பிறகும் ஏன் பாமினி? மாணவர்களைக் கேட்டால், “எங்க சார் இதுலதான் அடிக்கச் சொல்லுதாவ அண்ணாச்சி” என்பார்கள். சாரைக் கேட்டால், கடைக்காரனுக்கு அதுதான் பழக்கம் என்பார். இரண்டும் உண்மைதான். மூன்றாவதாக ஒன்று உண்டு. முன்பெல்லாம் புத்தகம் போடுகிறவர்கள் பேஜ்மேக்கரில்தான் பக்கம் அமைப்பார்கள். அதில் யுனிகோடு தமிழ் வேலை செய்யாது. அந்த மென்பொருளின் கடைசிப் பதிப்பு 2001-இல் வந்தது. அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் இப்போது எம்.ஏ. முடித்துவிட்டு ஆய்வுக்கு வருகிறார்கள், நாம் இன்னும் அந்த மென்பொருளுக்குத் தோதாக அடித்துக்கொண்டிருக்கிறோம். யுனிகோடில் அழகான எழுத்துரு இல்லை, லதா ஒன்றுதான், அது பார்க்கச் சகிக்காது என்ற குறையும் ஒரு காலத்தில் நியாயமாக இருந்தது. இப்போது நோட்டோ செரிஃப் தமிழ், முக்தா மலர் என்று இலவசமாகவே நல்ல எழுத்துருக்கள் கிடைக்கின்றன. பாமினித் தட்டச்சு விரலில் ஊறியவர்கள் அதே விசைப்பலகை அமைப்பில் யுனிகோடு அடிக்க என்எச்எம் ரைட்டர் போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. விரலை மாற்ற வேண்டாம், கோப்பை மாற்றினால் போதும்.

கருத்துத்திருட்டுச் சோதனையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். யுஜிசியின் 2018 விதிப்படி 10 விழுக்காடு வரை ஒப்புமை இருந்தால் தண்டனை இல்லை. அதற்கு மேல் போனால் படிப்படியாக நடவடிக்கை. பாமினிக் கோப்பை ஒப்புமை பார்க்கும் மென்பொருளில் போட்டால் என்ன வரும்? யுனிகோடில் இருக்கும் எந்த மூலத்தோடும் அது ஒட்டாது. ஏறக்குறைய பூஜ்யம் வரும். சான்றிதழைப் பார்த்துவிட்டு மாணவருக்கும் சந்தோஷம், துறைக்கும் சந்தோஷம். அந்தத் தாளுக்கு என்ன மதிப்பு என்று நீங்களே சொல்லுங்கள்.

இன்னொரு நுட்பமும் இருக்கிறது, இதை நூலகர்கள் கவனிக்க வேண்டும். யுனிகோடில் அடித்தால் மட்டும் எல்லாம் தீர்ந்துவிடாது. ‘கொற்கை’ என்று அடித்து பிடிஎஃப் ஆக்கிவிட்டு, அதிலிருந்து நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பாருங்கள். பல நேரம் கொம்பு தனியாக, ககரம் தனியாக, கால் தனியாகக் கலைந்து விழும். பிடிஎஃப் என்பது தாளில் எது எங்கே தெரிய வேண்டும் என்று மட்டும் நினைவில் வைக்கும் வடிவம்; எழுத்து எந்த வரிசையில் அடிக்கப்பட்டது என்பது அதில் தொலைந்துபோக இடமுண்டு. அதனால் பிடிஎஃப்-ஓடு மூலக் கோப்பையும் சேர்த்து வாங்கி வையுங்கள். லிபர் ஆபீஸில் பிடிஎஃப் எடுக்கும்போது மூலக் கோப்பை அதற்குள்ளேயே பொதிந்து வைக்கும் தெரிவு ஒன்று இருக்கிறது. ஒரு டிக் போட்டால் போதும். இத்தனை வருடத்தில் அதைப் போடச் சொல்லிக் கேட்ட துறை ஒன்றுகூட இல்லை.

ஆக, நான் உங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. சினாப்சிஸ் என்ற ஆய்வுச் சுருக்கம் தரும் நாளிலிருந்தே யுனிகோடில் எழுதச் சொல்லுங்கள். தலைப்பைத் தமிழ் எழுத்திலேயே பதியச் சொல்லுங்கள். வைவா முடிந்ததும் பைண்டு பண்ணிய பிரதிகளோடு மூலக் கோப்பையும் வாங்குங்கள். துறைத்தலைவர் கையெழுத்துப் போட்டு ஒரு சுற்றறிக்கை விட்டால் நடந்துவிடும்.

அப்புறம், கட்டுரைகள். இதில் எனக்குக் கோபமே உண்டு. என் கடையில் உட்கார்ந்து மாணவர்கள் கைப்பேசியில் காட்டும் வாட்ஸ்அப் விளம்பரங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். “பன்னாட்டு ஆய்விதழ், ஐஎஸ்எஸ்என் எண் உண்டு, 2 நாளில் வெளியீடு, கட்டணம் ஜிபே.” ஐஎஸ்எஸ்என் என்பது தொடர் வெளியீட்டை அடையாளம் காட்டும் எண். கேட்டால் கொடுப்பார்கள், அதற்கும் தரத்துக்கும் சம்பந்தமே இல்லை. 2 நாளில் எந்த மதிப்பீட்டாளர் படித்தார், எதைத் திருத்தச் சொன்னார்? நான் அடித்த எழுத்துப்பிழை அப்படியே அச்சாகி வருகிறது. பிழையைக்கூட யாரும் பார்க்கவில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

விதியோ மாறிவிட்டது. ஆய்வேடு தருவதற்கு முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை யுஜிசி 2022 விதிகளில் எடுத்துவிட்டது. ஏற்கத்தக்க இதழ்கள் இவை என்று தான் வைத்திருந்த கேர் பட்டியலையும் 2025 பிப்ரவரியில் கைவிட்டது. எந்த இதழ் நல்ல இதழ் என்று நிறுவனங்களே சோதித்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டது. இனிமேல் பட்டியலைக் கைகாட்டிவிட்டு ஒதுங்க முடியாது. பொறுப்பு உங்கள் மேசைக்கு வந்திருக்கிறது. நல்ல நேரம்தான். ஏனென்றால் இதழ் நடத்துவது நெல்லைக்குப் புதிய வேலை இல்லை. சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம் 1920-இல் திருநெல்வேலியில்தான் தொடங்கியது. தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்திப் பிழைத்த நா. வானமாமலை 1969-இல் பாளையங்கோட்டையிலிருந்து ‘ஆராய்ச்சி’ இதழைக் கொண்டுவந்தார். பல்கலைக்கழகப் பதவியும் இல்லை, மானியமும் இல்லை. நாட்டார் பாடலையும் கதைப்பாடலையும் ஆராய்ச்சிக்குரிய பொருளாக்கிக் காட்டினார்கள் அவரும் அவரோடு சேர்ந்தவர்களும். காகிதம், அச்சுக்கூலி, தபால்தலை என்று அத்தனை செலவையும் தாங்கிக்கொண்டு செய்த வேலை அது.

இன்றைக்கு அந்தச் செலவுகூடக் கிடையாது. ஓபன் ஜர்னல் சிஸ்டம்ஸ் என்று கனடாவில் உருவான கட்டற்ற மென்பொருள் இருக்கிறது. கட்டுரையை வாங்குவது, யார் எழுதினார் என்று தெரியாமல் மதிப்பீட்டாளருக்கு அனுப்புவது, அவர் சொன்ன திருத்தத்தைத் திருப்பி அனுப்புவது, கடைசியில் வெளியிடுவது, எல்லாம் அதிலேயே நடக்கும். நிறுவுவதற்குச் சாதாரண வலைவழங்கி போதும். கல்லூரி இணையதளத்தில் ஆண்டுவிழாப் படங்களுக்கு ஒதுக்கியிருக்கும் இடத்தில் பாதிகூடத் தேவைப்படாது.

ஆனால் ஒன்று. கல்லூரிக்கு ஓர் இதழ் என்று ஆளாளுக்குத் தொடங்காதீர்கள். இரண்டு இதழ் வரும், பேராசிரியர் ஓய்வுபெறுவார், மூன்றாவது இதழ் வராது. பாளையங்கோட்டையிலும் திருநெல்வேலியிலும் மட்டுமே எத்தனை தமிழ்த்துறைகள் இருக்கின்றன! சேர்ந்து ஒரே இதழ் நடத்தலாம். ஒரு கல்லூரியின் கட்டுரையை இன்னொரு கல்லூரி மதிப்பிடட்டும். எழுதுகிறவரிடமும் காசு வாங்க வேண்டாம், படிக்கிறவரிடமும் வேண்டாம். இப்படி நடக்குமா என்று கேட்பவர்கள் பிரேசிலைப் பார்க்கலாம். சயெலோ என்ற பெயரில் 1997-இல் அங்கே தொடங்கிய ஏற்பாடு லத்தீன் அமெரிக்கா முழுக்கப் பரவி, அந்தந்த நாட்டு இதழ்களை அவர்களுடைய மொழிகளிலேயே திறந்து வைத்திருக்கிறது. மறுபக்கம், நேச்சர் இதழ் 2020-இல் ஒரு கட்டுரையைத் திறந்து வெளியிட 9,500 யூரோ என்று கட்டணம் அறிவித்தது. திறந்த வெளியீடு என்ற ஒரே பெயரில் இரண்டு தனித்தனிப் பாதைகள் ஓடுகின்றன. தமிழுக்கு எது ஒத்துவரும் என்று சொல்லத் தேவையில்லை.

மத்திய அரசின் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ வந்துவிட்டதே, இனி என்ன கவலை என்று ஒருவர் கேட்டார். 2024 நவம்பரில் அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த திட்டம்; 3 ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய்; 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள். அரசு நடத்தும் கல்வி நிறுவனங்களில் இருப்பவர்களுக்கு நிச்சயம் நல்லது. அறிவியல் துறையினர் அதனால் பலன் பெறுவார்கள். ஆனால் அது நாம் படிப்பதற்கான திட்டம். நாம் எழுதுவதை மற்றவர் படிப்பதற்கு அதில் ஏற்பாடு இல்லை. பனைத்தொழில் சொற்களைத் தேடிய அந்தப் பெண்ணுக்கு அந்த 13,000 இதழ்களில் என்ன கிடைத்திருக்கும்?

பயங்களுக்கு வருகிறேன். நெறியாளர்கள் என்னிடம் நேரிலேயே சொன்னவை இவை. முதல் பயம், இணையத்தில் போட்டால் திருடிவிடுவார்கள் என்பது. ஐயா, நான் கடையில் இருந்து பார்க்கிறவன். திருட்டு நூலக அலமாரியிலிருந்துதான் நடக்கிறது. யாரும் தேடிக் கண்டுபிடிக்க முடியாத ஆய்வேட்டிலிருந்து எடுத்தால்தானே மாட்ட மாட்டோம் என்ற தைரியம் வரும்? அப்படிப்பட்ட பக்கங்களின் ஜெராக்ஸ் பிரதியைக் கொண்டுவந்து, “இதையும் சேர்த்து அடிச்சிருங்க” என்று நீட்டியவர்கள் உண்டு. தேதியோடும் நிலையான அடையாள எண்ணோடும் பொதுவில் இருக்கும் ஆய்வை எடுத்தாண்டால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அந்த அடையாள எண்ணைப் பற்றிச் சிலருக்குத் தெரியாது. டிஓஐ என்பார்கள். கல்லூரி தன் இணையதளத்தை மாற்றினாலும், பெயரை மாற்றினாலும், புதிய முகவரியைப் பதிந்துவிட்டால் போதும், அந்த எண்ணைத் தட்டினால் கட்டுரை வந்து நிற்கும். இதழாக நடத்திப் பெறுவதற்குச் சந்தா உண்டு. தனி ஆய்வேடு, கட்டுரை, தரவு என்றால் ஸெனோடோ என்ற களஞ்சியத்தில் ஏற்றி இலவசமாகவே பெறலாம். ஐரோப்பாவின் செர்ன் ஆய்வுக்கூடம் 2013 முதல் நடத்துவது. ஒரு பதிவுக்கு 50 ஜிபி வரை இடம் தருகிறார்கள். வில்லுப்பாட்டு ஒலிப்பதிவையும் கோயில்கொடை ஒளிப்படத்தையும் ஆய்வேட்டோடு சேர்த்து வைக்கலாம். இப்போது அவை என்ன ஆகின்றன? ஆய்வேட்டின் பின்னிணைப்பில் தபால்தலை அளவில் கறுப்பு வெள்ளையாக நாலு படம். மீதி, ஆய்வாளரின் பழைய கைப்பேசியோடு போய்விடும்.

இரண்டாவது பயம் நியாயமானது. இலவசமாகப் போட்டுவிட்டால் பிறகு புத்தகமாகப் பதிப்பிக்க முடியுமா? அதற்குத்தான் காலத்தடை வைக்கும் வசதி இருக்கிறது. தலைப்பும் சுருக்கமும் இன்றைக்கே தெரியும். முழுப் பாடமும் நீங்கள் குறித்த தேதியில் தானாகத் திறக்கும். ஓரிரண்டு வருடம் வைத்துக்கொள்ளுங்கள். புத்தகம் போடாமலேயே காலம் போய்விட்டால், ஆய்வேடாவது வெளியே வந்துவிடும். சேர்ந்தே கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தையும் குறித்துவிட்டால், பெயர் சொல்லித்தான் எடுத்தாள வேண்டும் என்பது எழுத்தில் இருக்கும். உரிமையைப் பொதுவாக்கினால் எழுதியவர் பெயர் மங்கும் என்று நினைப்பவர்களுக்கு எட்டயபுரத்தைக் காட்டுவேன். பாரதியின் எழுத்துகளை அரசு 1949-இல் நாட்டுடைமையாக்கியது. யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்றான பிறகு அவர் பெயர் மங்கியதா?

எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. கள ஆய்வில் ஒருவர் நம்பிச் சொன்ன குடும்பக் கதை, சாதிச் சண்டை, சாமியாடியின் பெயர், முகம், இவற்றை அப்படியே பொதுவில் போடுவது தப்பு. சொன்னவரிடம் அனுமதி வாங்கி, பெயரை மறைத்துத்தான் போட வேண்டும். மருந்துச் செடிகள் பற்றிய அறிவு இன்னும் ஒரு படி மேல். பொதிகை மலையின் அந்தப் பக்கம், கேரளத்தில், 1987-இல், ஆய்வாளர்களோடு மலையேறிய காணிப் பழங்குடி மக்கள் களைப்பு தீர ஒரு காயைத் தின்பதைப் பார்த்துத்தான் ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகை வெளி உலகுக்குத் தெரிந்தது. அதிலிருந்து ஜீவனி என்ற மருந்து வந்தபோது, கிடைத்த பணத்தில் ஒரு பங்கு காணி மக்களுக்கு என்று ஏற்பாடாகி, 1997-இல் அதற்கென அறக்கட்டளை பதிவானது. அதிலும் பிரச்சினைகள் வந்தன. இருந்தாலும் கேட்டார்கள், பங்கு கொடுத்தார்கள். நம் காரையாறு, பாபநாசம் பக்கத்துக் காணிக் குடியிருப்புகளுக்குப் போய் எழுதப்படும் ஆய்வேடுகளில், செடியின் பெயர், இலையா வேரா, எத்தனை வேளை என்று அட்டவணை போட்டிருப்பார்கள். சொன்னவருக்கு அந்த ஆய்வேட்டின் ஒரு பிரதிகூடப் போவதில்லை. அந்த அட்டவணையைப் பூட்டி வைத்தாலும் நான் குறை சொல்ல மாட்டேன்.

கருவிகளில் ஒன்றே ஒன்றைச் சொல்லி நிறுத்துகிறேன், இல்லையென்றால் கடைக்காரன் கதை நீளும். துணைநூற்பட்டியல் அடிப்பதுதான் எங்கள் தொழிலிலேயே நரக வேதனை. நெறியாளர் ஒரு நூலைச் சேர்க்கச் சொன்னால் அடிக்குறிப்பு எண் எல்லாம் மாறும். ஸோடெரோ என்ற இலவச மென்பொருளில் நூல் விவரத்தை ஒரு தடவை பதிந்தால் அடிக்குறிப்பும் பட்டியலும் தானாக அமையும். தமிழ்ப் பெயருக்கு ஒத்துவரவில்லை என்று பலர் கைவிட்டுவிடுகிறார்கள். காரணம், அது குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கும். நமக்கு ஏது குடும்பப் பெயர்? தலையெழுத்துதான். பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னப் பொத்தானை அழுத்தினால் இரண்டு கட்டமும் ஒன்றாகிவிடும், ‘வானமாமலை, நா.’ என்று அப்படியே அடித்துவிடலாம். இவ்வளவுதான் விஷயம். அகரவரிசை மட்டும் ஒரு தடவை கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். யுனிகோடின் எண் வரிசையில் னகரம் நகரத்துக்கு அடுத்தே வரும். நம் நெடுங்கணக்கில் அது கடைசி. மொழி அமைப்பைத் தமிழ் என்று வைக்காத கணினி தப்பாக அடுக்கிவிடும்.

இப்போது புதிதாக இன்னொன்றும் வருகிறது. செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டு வாங்கிய துணைநூற்பட்டியல். நூற்பெயர் கச்சிதமாக இருக்கும், பதிப்பகம் இருக்கும், ஆண்டு இருக்கும்; அப்படியொரு நூல் மட்டும் உலகத்தில் இருக்காது. உண்மையான தமிழ் ஆய்வுகள் தேடக்கூடிய பாடமாக வெளியே இருந்தால், மாணவரும் சரிபார்க்கலாம், நீங்களும் சரிபார்க்கலாம். இன்றைக்குச் சரிபார்ப்பதற்குப் பஸ் ஏறித்தான் போக வேண்டும்.

கடைசியாக, எம்.ஃபில். ஆய்வேடுகள். யுஜிசி 2022 விதிகளோடு அந்தப் பட்டத்தை முடித்துவைத்துவிட்டது. பட்டம் போனது பற்றி எனக்குக் கருத்து இல்லை. ஆனால் அந்தச் சின்ன ஆய்வேடுகளில் இருந்த மாதிரியான விவரம் பெரியவற்றில் கிடையாது. ஒரே ஊர், ஒரே கோயில், ஒரே தொழில். பத்தமடைப் பாய் நெசவு, ஏதாவது ஒரு கிராமத்தின் தாலாட்டு, ஒப்பாரி, ஒரு பெரியவருக்குத் தெரிந்த அத்தனை பழமொழி. 100 பக்கம், 120 பக்கம். இவற்றில் பெரும்பாலானவை எந்தக் களஞ்சியத்துக்கும் போகவில்லை. துறை நூலகத்தில் கயிறு கட்டிக் கிடக்கின்றன. இடம் போதவில்லை என்று ஓர் இடத்தில் பழைய தாளோடு எடைக்குப் போட்டதையும் கேள்விப்பட்டேன். உ.வே.சாமிநாதையர் பத்துப்பாட்டு ஏடு தேடி வந்த சீமை ஐயா இது.

இதில் என்னால் ஆனதைச் செய்கிறேன். நான் அடித்த ஆய்வேடுகளின் கோப்புகளில் பெரும்பகுதியைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். பெரும்பாலும் பாமினி. மாற்றி மென்பொருளில் அப்படியே போட்டால் நடுவில் வரும் ஆங்கில நூற்பெயர்களும் தமிழ் எழுத்துக் குப்பையாகிவிடும். அதனால் எழுத்துருவைப் பார்த்துத் தமிழ்ப் பகுதியை மட்டும் மாற்றும் மேக்ரோ என்ற சிறு நிரல் ஒன்றை எழுதி வைத்திருக்கிறேன். ஓர் ஆய்வேட்டை மாற்றி, மேலோட்டமாகப் பிழை பார்க்க ஒரு பிற்பகல் ஆகும். ஆனால் அவை என் சொத்து இல்லை, எழுதியவர்களின் உழைப்பு. அவர்கள் சொல்லாமல் யாருக்கும் தர மாட்டேன்.

அவர்களில் பலர் இன்று உங்கள் துறைகளில்தான் பணியாற்றுகிறார்கள். எழுதியவரின் கையெழுத்தோடு ஓர் அனுமதிக் கடிதம் வந்தால் போதும். ஆய்வேட்டின் தலைப்பு, ஆண்டு, திறந்து வைக்கலாமா அல்லது காலத்தடை வேண்டுமா, மறைக்க வேண்டிய பெயர்கள் உண்டா, இவ்வளவும் அதில் இருக்கட்டும். யுனிகோடு கோப்பாக மாற்றி, பிடிஎஃப்-ஓடு சேர்த்து உங்கள் நூலகரிடமே ஒப்படைக்கிறேன். கோப்பு இல்லாமல் பைண்டு பிரதி மட்டும் இருக்கும் எம்.ஃபில். ஆய்வேடுகளை ஸ்கேன் பண்ண மாணவர்கள் இரண்டு பேரை அனுப்புங்கள். கருவி தருகிறேன், படத்தில் இருக்கும் எழுத்தைப் பாடமாக்கும் எழுத்துணரியில் போட்டு எப்படித் திருத்துவது என்றும் சொல்லித் தருகிறேன். இதற்குக் கூலி வேண்டாம். மே மாதம் வைவா நெருக்கடி இருக்கும், அப்போது மட்டும் வராதீர்கள்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டை ஆய்வேட்டுக் கடைக்காரன்